சுருட்டுத் துண்டும் போட்டோ கார்டும்: ரசிகர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்?

1841ஆம் ஆண்டு கடைசியில் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் பெர்லின் நகரத்தில் வந்து இறங்கினார். அடுத்த பத்து வாரத்தில் இருபது கச்சேரிக்கும் மேல் வாசித்தார். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. அவருடைய கையுறைக்கும் கைக்குட்டைக்கும் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். பியானோவில் அறுந்துபோன கம்பியை வளைத்துக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டார்கள். அவர் புகைத்துவிட்டு எறிந்த சுருட்டுத் துண்டை ஒரு பெண்மணி பொறுக்கியெடுத்து, வைரம் பதித்த பதக்கத்துக்குள் வைத்து அணிந்துகொண்டு திரிந்தார் என்றொரு கதையும் உண்டு.

கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே 1844இல் இதற்கு 'லிஸ்டோமேனியா' என்று பேர் வைத்தார். பேர் வைத்ததோடு விடாமல் காரணத்தையும் தேடிப் பார்த்தார். ஒரு மருத்துவரிடம் விசாரித்தார். அவர் காந்தம், மின்சாரம், மெழுகுவத்திகள் எரியும் புழுக்கமான அரங்கில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் உணர்ச்சி என்று என்னென்னவோ சொன்னாராம். ஹைனேவுக்கு அது ஒப்பவில்லை. தன் வெற்றியை ஏற்பாடு செய்துகொள்வதில் லிஸ்டை மிஞ்ச ஆள் இல்லை, ரகசியம் அவ்வளவுதான் என்ற முடிவுக்கு வந்தார்.

ஒன்று நோய், இல்லாவிட்டால் விளம்பரம். ரசிகர்களைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் நாம் இந்த இரண்டு பதிலைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விடிய விடிய டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் பையனைப் பார்த்து "இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்கிறோம். இல்லாவிட்டால் "கம்பெனிக்காரன் நல்லா ஏமாத்துறான்" என்கிறோம். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு பதிலும் ரசிகரையும் மேடையில் நிற்பவரையும் மட்டும்தான் பார்க்கின்றன. ரசிகருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு ரசிகர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கணக்கில் வருவதே இல்லை. விஷயத்தில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். 'ஃபேன்' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க பேஸ்பால் பார்வையாளர்களைக் குறிக்கப் பரவலானது. 'ஃபெனட்டிக்' என்பதன் குறுக்கம் அது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதன் லத்தீன் மூலத்துக்குள் 'ஃபானும்' என்ற சொல் இருக்கிறது. கோயில் என்று பொருள். கோயிலைச் சேர்ந்தவர், தெய்வம் ஏறி ஆடுபவர், நம் பேச்சில் சொன்னால் சாமியாடி. தமிழில் நாம் எடுத்துக்கொண்ட 'ரசிகர்' என்ற சொல்லோ ரசத்திலிருந்து, அதாவது சுவையிலிருந்து வருவது. ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் சாமி வந்தவர் என்று பேர், இன்னோரிடத்தில் சுவை தெரிந்தவர் என்று பேர். சுவைப்பதற்கு ஒருவர் தனியாக உட்கார்ந்தால் போதும். சாமி வருவதற்குக் கூட்டம் வேண்டும், மேளம் வேண்டும், சுற்றி நின்று பார்க்க ஆள் வேண்டும். ரசிகர் என்ற ஒருவருக்குள் இந்த இரண்டு பேருமே இருக்கிறார்கள்.

முதலில் மேடைக்கும் ரசிகருக்கும் இடையில் இருப்பதைப் பார்ப்போம். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், பார்ப்பவருக்கு அவர் தன்னைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது. தினமும் அதே நேரத்துக்கு வருகிறார். அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குத் தயங்குவார் என்பதெல்லாம் பழகிப்போகிறது. ஒருதலையான இந்த உறவை உறவுக்கு இணையான ஒன்று என்று அவர்கள் விளக்கினார்கள். இன்றைக்கு உளவியலில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இது மூளையின் கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. மனித குலத்தின் வரலாற்றில் மிகப் பெரும்பகுதிக்கு, ஒரு முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு அடிக்கடி பார்க்கிறோம் என்றால் அது சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். க்ளோசப் காட்சிக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். அதற்குள் மனசு பழகிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதிலும் இப்போது வந்திருக்கும் கருவிகள் வேறு ரகம். பாடகர் ஒரே செய்தியைத் தன் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புகிறார். ஒவ்வொருவர் போனிலும் அது தனிப்பட்ட அரட்டைபோல் வந்து விழுகிறது. செய்தியின் நடுவில் பேர் வர வேண்டிய இடத்தில் அந்தந்த ரசிகரின் பேரைச் செயலியே நிரப்பிக்கொள்கிறது. மாதச் சந்தா கட்டினால் "இன்னைக்கு நல்லா தூங்கினியா?" என்று உங்கள் பேர் சொல்லிக் கேட்கிறார். ஹார்ட்டனும் வோலும் பார்த்த தொலைக்காட்சிக்கு இந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

சரி, இப்போது பக்கத்து நாற்காலி.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு பாடியபோது 55,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் பாட்டு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மேடையில் நின்ற நான்கு பேருக்கே தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் வந்தார்கள் என்றால் இது சுத்த முட்டாள்தனம். வீட்டில் இசைத்தட்டைப் போட்டிருந்தால் இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்கும். ஆனால் அவர்கள் கேட்க வரவில்லை. வாழ்நாளெல்லாம் "மெதுவாப் பேசு, அடக்கமா இரு" என்று வளர்க்கப்பட்ட பதின்வயதுப் பெண்கள், 55,000 பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்துவதற்கு வந்திருந்தார்கள். நான்கு பேர் மேடையில் நின்றது அதற்கு ஒரு காரணமாக அமைந்தது.

இதை வேறொரு இடத்தில் கண்டு எழுதியவர் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம். 1912இல் அவர் எழுதியது மதத்தைப் பற்றி. தனித்தனியாகச் சிதறி வாழும் மக்கள் ஓரிடத்தில் கூடும்போது அவர்களுக்குள் ஒரு சூடு கிளம்புகிறது. தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று தன்னைத் தூக்கிக்கொண்டு போவதாக ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. அந்தச் சக்தி கூட்டத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் கூட்டத்துக்குத் தன்னைத் தானே பார்க்கத் தெரியாது. ஆகவே நடுவில் நட்டு வைத்திருக்கும் சின்னத்திலிருந்து அது வருவதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். துர்கைம் சொன்னதில் சின்னம் இருக்கும் இடத்தில் ஒரு பாடகரை நிறுத்திப் பாருங்கள். ரசிகர் அவருடைய முகத்தில் பார்த்து உருகும் வெளிச்சத்தில் பெரும்பங்கு, ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றியது.

2023 ஜூலையில் சியாட்டில் நகர அரங்கில் டெய்லர் ஸ்விஃப்ட் இரண்டு நாள் பாடியபோது, 2.3 அளவுள்ள நிலநடுக்கத்துக்கு ஒப்பான அதிர்வு அருகிலிருந்த கருவியில் பதிவானது. அரங்கின் ஒலிபெருக்கிகளோடு, ஒரே தாளத்துக்குக் குதித்த பல்லாயிரம் கால்களும் சேர்ந்து உண்டாக்கியது அது. அந்தச் சுற்றுப்பயணம் முழுக்க ரசிகர்கள் மணி கோத்த கைக்கயிறுகளை வீட்டிலேயே செய்து எடுத்து வந்தார்கள். யாருக்குக் கொடுக்க? பாடகிக்கு இல்லை. அரங்கில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்கு. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி, முழங்கை வரை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

ஒரு குழுவில் சேர்ந்துவிட்டால் மனசு என்ன செய்யும் என்பதற்கு உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்கள், 14, 15 வயது. கிளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்று கேட்டு, அதை வைத்து இரண்டாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது எந்தக் காரணமும் இல்லாமல், சீட்டுக் குலுக்கியதுபோல. தன் குழுவில் யார் யார் என்பதுகூடப் பையன்களுக்குத் தெரியாது. அப்புறம் மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார்கள். பையன்கள் தன் குழுவுக்குச் சார்பாகப் பங்கிட்டதில் ஆச்சரியம் இல்லை. தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட எவ்வளவு கூடுதல் என்பதே முக்கியம் என்று பலர் பங்கிட்டதுதான் யோசிக்க வைப்பது. அரை மணி நேரத்துக்கு முன்னால் கேள்விப்பட்ட ஓவியருக்கே இந்தப் பாடு. பத்து வருடம் கூடவே வளர்ந்த நடிகருக்கு எப்படி இருக்கும்? போட்டி நடிகரின் படம் தோற்றால் சொந்தப் படம் ஜெயித்ததுபோல் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

1976இல் ராபர்ட் சியால்தினி வெளியிட்ட ஆய்வும் இதே வகை. ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்த வாரம் மாணவர்கள் கல்லூரிப் பேர் போட்ட சட்டைகளைக் கூடுதலாக அணிந்து வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வென்ற ஆட்டத்துக்கு "நாங்க ஜெயிச்சோம்" என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற ஆட்டத்துக்கு "அவங்க தோத்துட்டாங்க" என்பது அதிகம் வந்தது. அந்த 'நாங்க' என்ற சொல்லுக்காகவே மனிதர்கள் எவ்வளவோ செய்வார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முகத்தில் அணியின் வண்ணம் பூசிக்கொண்டு, தோற்றால் அழும் ஆண்களை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. அவர் தீவிர ரசிகர், அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பெண் ஒரு பாடகருக்காக அழுதால் மட்டும் மருத்துவர் வரைக்கும் பேச்சுப் போகிறது. ஹைனே விசாரித்தது பெண்களின் நோய்களுக்கான மருத்துவரிடம்தான். பீட்டில்ஸ் குழுவை முதலில் தூக்கிப் பிடித்தவர்களும் அந்தக் கத்திய பெண்கள்தான். மேதைகள் என்று விமர்சகர்கள் எழுதியது அதற்கு அப்புறம். முதலில் கண்டுபிடித்தவர்களின் காதுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

என் அக்கா மகள் ஒரு கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை. ஒன்பது பேர் கொண்ட குழு. ஒருநாள் பார்சல் வந்தது. "சித்தி, போனைப் பிடிங்க. கை ஆடக் கூடாது" என்றாள். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக் கிழிக்காமல் ஓரத்தில் பிளேடால் கீறினாள். உள்ளே கனமான புகைப்படப் புத்தகம், அதன் பின்னட்டையில் ஒரு சிடி. வீட்டில் சிடி போடும் கருவியே கிடையாது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கங்களுக்கு நடுவில் எங்கேயோ ஒரு சின்ன அட்டை இருக்கும், ஒன்பது பேரில் ஒருவருடைய படம். யாருடையது என்று பிரித்தால்தான் தெரியும். அட்டையைக் கவிழ்த்தபடியே உருவி, உள்ளங்கையால் மூடி, மூன்று வரை எண்ணித் திருப்பினாள். அவளுக்கு வேண்டியவர் இல்லை. முகம் வாடும் என்று நினைத்தேன். "பரவாயில்லை, இது ஒருத்திக்கு வேணும்" என்று அடுத்த நிமிஷமே போனை எடுத்துவிட்டாள்.

அந்த 'ஒருத்தி'யை இவள் பார்த்ததே இல்லை. அட்டை தன்னிடம் இருக்கிறது என்று நிரூபிக்க, ஒரு தாளில் தன் பேரையும் தேதியையும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். ஒப்பந்தம் முடிந்ததும் அட்டையை மெல்லிய ஸ்லீவுக்குள் போட்டு, அதை டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, மேலும் கீழும் அட்டைப் பலகை வைத்து, குமிழ் உறையில் சுற்றினாள். அதோடு விடவில்லை. கூடவே இரண்டு ஸ்டிக்கர், கையால் எழுதிய ஒரு வாழ்த்து. மருந்து அனுப்புகிறவர்கள்கூட இவ்வளவு பத்திரமாக அனுப்ப மாட்டார்கள். உறையின் மேல் முகவரியை எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள், சின்னப் பிள்ளையில் எழுதியதுபோலவே.

இதில் வணிகம் இல்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே இருக்கிறது. யாருடைய அட்டை வரும் என்று தெரியாததால்தான் ஒரே ஆல்பத்தை நாலு, ஐந்து என்று வாங்குகிறார்கள். வாங்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாடகர்களை நேரில் சந்திக்கும் குலுக்கலில் ஒரு வாய்ப்பு என்று வைத்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் எத்தனை விற்றது என்பது போட்டிக் குழுவோடு ஒப்பிடும் கௌரவக் கணக்காகவும் ஆகிவிட்டது, தாஜ்ஃபெல் பார்த்த அதே பையன்களின் கணக்கு. யாரும் கேட்காத சிடிகள் குப்பையாகக் குவிகின்றன. இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் கே-பாப் எனப்படும் கொரியப் பாட்டின் ரசிகர்களும் உண்டு. 2021இல் அவர்களே கூடிப் பருவநிலைக்காக ஒரு இயக்கம் தொடங்கி, பிளாஸ்டிக் குறைந்த ஆல்பம் வேண்டும் என்று நிறுவனங்களை நெருக்கினார்கள். ஏமாந்தவர்கள் என்று அவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பாடுபட்டு அடைந்ததைப் பெரிதாக நினைப்பதும் மனித இயல்பு. எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரச் சிலருக்குக் கூச்சம் பிடுங்கும் ஒரு தேர்வு, சிலருக்கு லேசான தேர்வு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. உள்ளே போனால் வேண்டுமென்றே தயாரித்த படு சலிப்பான உரையாடல். கஷ்டப்பட்டு உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் அது நன்றாக இருந்ததாகத் தோன்றியது. மழையில் வரிசையில் நின்று பார்த்த படம் மோசமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

இப்படி ஒட்டிக்கொண்ட கூட்டம் சில நேரம் அழகான காரியங்களைச் செய்கிறது. அமெரிக்காவில் 2007இல் 'ஜெரிக்கோ' என்ற தொடரை ஒரே பருவத்தோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். கடைசி அத்தியாயத்தில், சரணடையச் சொன்ன எதிரிக்கு நாயகன் 'நட்ஸ்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்வான். இரண்டாம் உலகப்போரில் ஒரு அமெரிக்கத் தளபதி ஜெர்மானியர்களுக்குச் சொன்ன பதில் அது. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, தொலைக்காட்சி நிறுவனத்துக்கு நிலக்கடலையாக அனுப்பத் தொடங்கினார்கள். சுமார் 20 டன் கடலை வந்து குவிந்தது. நிறுவனம் இறங்கி வந்து மேலும் ஏழு அத்தியாயங்கள் எடுத்தது. 1960களின் கடைசியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரைக் காப்பாற்றியது மூட்டை மூட்டையாய்ப் போன கடிதங்கள். 1976இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு அந்தத் தொடரின் கப்பலுடைய 'என்டர்பிரைஸ்' என்ற பேரையே வைக்க வைத்ததும் கடிதங்கள்தான். 2020 ஜூனில் கொரியாவின் பி.டி.எஸ். பாட்டுக் குழு நிறவெறிக்கு எதிரான இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது தெரிந்ததும், ரசிகர்கள் தங்களுக்குள் திரட்டி அதே தொகையை ஏறக்குறைய ஒரே நாளில் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷெர்லாக் ஹோம்ஸ் கதை. 1893 டிசம்பர் இதழில் ஆர்தர் கோனன் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். இருபதாயிரம் பேர் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். உடனே அவர் மசியவில்லை. 1901இல், ஹோம்ஸ் சாவதற்கு முன்னால் நடந்த பழைய வழக்கு என்று சொல்லி ஒரு கதையை எழுதி, 1903இல்தான் ஆளை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் வாசகர்கள் ஹோம்ஸை விட்டுப் போகவே இல்லை. கதையில் ஹோம்ஸின் வீடு லண்டன் பேக்கர் தெரு 221பி. 1930களில் அந்த எண் வரும் இடத்தில் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தின் அலுவலகம் வந்தது. ஹோம்ஸ் பேருக்குக் கடிதங்கள் அங்கே வரத் தொடங்கின. அந்தச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்கென்றே ஒரு செயலாளரை வைத்தது. திரு. ஹோம்ஸ் ஓய்வு பெற்று சசெக்ஸ் பக்கம் தேனீ வளர்த்துக்கொண்டிருக்கிறார், உங்கள் வழக்கை ஏற்க இயலாத நிலை என்று பணிவாகப் பதில் போனது. எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு ஹோம்ஸ் கற்பனை என்று தெரியும். தெரிந்துகொண்டே எழுதினார்கள். தெரிந்துகொண்டே பதிலையும் எதிர்பார்த்தார்கள். இதைப் பகுத்தறிவு இல்லாத செயல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே டாயிலுக்கு "மிருகமே" என்று விளித்தும் ஒரு கடிதம் வந்தது. அவர் எழுதிய கதை, அவர் உண்டாக்கிய ஆள், அவர் முடித்துக்கொண்டார். அது வாசகருக்குத் துரோகமாகப் பட்டது. விஷயம் கெடுவது எந்த இடத்தில் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். அழுவது, கத்துவது, சுருட்டுத் துண்டை எடுத்து வைத்துக்கொள்வது, 20 டன் கடலை அனுப்புவது, எதுவுமே தப்பில்லை. அன்பு எவ்வளவு கூடினாலும் ஆபத்தில்லை. 'நாங்க இவ்வளவு கொடுத்தோமே, எங்களுக்கு என்ன திருப்பித் தந்தே?' என்று கணக்கு நோட்டைத் திறக்கும்போதுதான் அது வேறொன்றாக மாறுகிறது.

2024 பிப்ரவரி கடைசியில், கொரியாவின் எஸ்பா குழுவைச் சேர்ந்த கரினா ஒரு நடிகரைக் காதலிக்கிறார் என்ற செய்தி வெளிவந்தது. அவருக்கு அப்போது 23 வயது. அவருடைய நிறுவனத்தின் அலுவலகத்துக்கு எதிரே மின்பலகை பொருத்திய லாரி ஒன்றை ரசிகர்கள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரசிகர்கள் தரும் அன்பு உனக்குப் போதவில்லையா என்று அதில் எழுத்து ஓடியது. சில நாளில் கரினா கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி வெளியிட்டார். காதலித்ததற்காக. கொஞ்ச நாளில் அந்தக் காதலும் முறிந்தது. லாரியை அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு நோட்டை அவர்களுக்குத் தைத்துக் கொடுத்தவர் யார்? பேர் சொல்லி நலம் விசாரிக்கும் செய்தியை மாதச் சந்தாவுக்கு விற்றது யார்? நெருக்கத்தை விலைக்கு விற்றவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்க, பில்லுக்குப் பதில் சொல்ல வந்து நின்றது அந்தப் பெண்.

கெல்லி மேரி ட்ரான் என்ற நடிகைக்கு நடந்தது வேறு வகை. 2017இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் முக்கிய வேடம். தங்கள் கதையைக் கெடுத்துவிட்டார் என்று சிலர் அவருடைய இனத்தையும் உருவத்தையும் சொல்லி மாதக்கணக்கில் வசை பாடினார்கள். 2018 ஜூனில் அவர் இன்ஸ்டாகிராமில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போனார். அதே கதை வரிசையில் 1999இல் நடித்த அகமது பெஸ்ட், அன்றைக்கு வந்த வசவுகளால் வாழ்க்கையையே முடித்துக்கொள்ளும் எண்ணம் வரை போனதை 2018இல்தான் வெளியே சொன்னார். பத்தொன்பது வருடம் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். 'எங்க படம்' என்ற சொல்லில் உள்ள 'எங்க' எந்த நேரத்தில் இன்னொருவரை வெளியே தள்ளும் கதவாக மாறுகிறது என்று, தள்ளுபவருக்கே தெரிவதில்லை. தான் காவல் காப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அன்பு, வசை இரண்டும் ஒரே கூட்டத்துக்குள் இருக்க முடியும். 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை இயக்குநர் நினைத்த வடிவத்தில் வெளியிடச் சொல்லி ஒரு பெரிய ஹேஷ்டேக் இயக்கம் நடந்தது. இயக்குநரின் மகள் தற்கொலை செய்துகொண்டதால்தான் அவர் பாதியில் விலகினார் என்பதை மனதில் வைத்து, ரசிகர்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு லட்சக்கணக்கான டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அதே ஹேஷ்டேக்கின் கீழ் மாற்றுக் கருத்து சொன்னவர்களுக்கு மிரட்டலும் போனது. 2021 மார்ச்சில் படம் வந்துவிட்டது. எது வேலை செய்தது, உதவியா மிரட்டலா, என்று பிரித்துச் சொல்ல இனி வழியில்லை.

இதன் கடைசிக் கோடியில் நிற்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1980 டிசம்பர் 8 அன்று, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனனைச் சுட்டவன், சில மணி நேரத்துக்கு முன்னால் அவரிடமே ஆல்பத்தில் கையெழுத்து வாங்கியிருந்தான். 1989இல் நடிகை ரெபேக்கா ஷேஃபர் அவருடைய வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா, பின்தொடர்ந்து தொல்லை செய்வதற்கு எதிரான சட்டத்தை அமெரிக்காவில் முதலாவதாகக் கொண்டுவந்தது. பிரபலங்கள்மீது உள்ள ஈடுபாட்டை அளக்க 2002இல் உளவியலாளர்கள் ஒரு அளவுகோலை முன்வைத்தார்கள். நண்பர்களோடு பேசி மகிழ்வது ஒரு படி, தனக்கும் அவருக்கும் ஏதோ உயிர்த்தொடர்பு இருப்பதாக உணர்வது அடுத்த படி, அவர் சொன்னால் சட்டத்தையும் மீறுவேன் என்பது கடைசிப் படி. முதல் படியைக் கவனியுங்கள். அங்கே மற்றவர்கள் இருக்கிறார்கள். மேலே போகப் போக ஆள் தனியாகிவிடுகிறார்.

எங்கள் வீட்டில் நான் அதனால்தான் அட்டைகளைக் கண்டு பயப்படுவதில்லை. அந்தப் பார்சல் போய் ஒரு வருடம் கழித்து 'ஒருத்தி' நேரிலேயே வந்தாள், பஸ் பிடித்து, பையில் தடித்த ஆல்பத்தோடு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தங்கள் அட்டைகளையெல்லாம் பரப்பினார்கள். இது எந்த ஆல்பத்தில் வந்தது, அது வந்த அன்றைக்கு எனக்குப் பரீட்சை, இதை அனுப்பினவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பேச்சு. இருட்டியதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். விளக்கைப் போட உள்ளே போனேன். மேஜைமேல் இருந்த போனில் அந்த ஒன்பது பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரில் ஒருத்தியும் அதைக் கேட்கவில்லை.